தண்ணீரின் கணக்கு

நான் பயிற்சி மருத்துவராக இருந்த 1980-களின் நடுவில் ரத்தத்தில் சோடியம் பார்க்க நெருப்பு வேண்டும். ஆய்வகத்தின் மூலையில் ஃபிளேம் போட்டோமீட்டர் என்ற கருவி, பக்கத்தில் கேஸ் சிலிண்டர், காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர். நோயாளியின் சீரத்தைப் பல மடங்கு நீர்த்துக் கருவியில் உறிஞ்சவிட்டால் தீச்சுடர் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அளவுதான் எண்ணாக வரும். கம்ப்ரசர் ஓடாத நாளில் சோடியம் கிடையாது. ஓடுகிற நாளிலும் காலையில் எடுத்த ரத்தத்துக்கு மாலையில்தான் விடை.

அதுவரை சும்மா இருக்க முடியாது. படுக்கையில் கிடப்பவர் உளறுவார், வாந்தி எடுப்பார், சிலருக்கு வலிப்பு வரும். எங்கள் யூனிட் தலைவர் சுற்று வரும்போது மூன்று கேள்விகள் கேட்பார். எவ்வளவு குடித்தார்? எவ்வளவு மூத்திரம் போனார்? குடிக்கக் கொடுத்தது யார்? மூன்றுக்கும் பதில் இல்லாமல் அவர் முன்னால் நிற்க முடியாது. விடை சொல்லிவிட்டால், ‘சோடியம் குறைவாக இருக்கும்’, ‘கூடுதலாக இருக்கும்’ என்று மாலை வரப்போகும் எண்ணைக் காலையிலேயே ஊகித்து மருந்தைத் தொடங்கச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இன்று அவசரப் பிரிவிலேயே உள்ள ரத்தவாயுக் கருவி இரண்டு நிமிடத்தில் சோடியத்தைத் துப்பிவிடுகிறது. உறவினர்கள் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துவிட்டு உள்ளே வருவதற்குள் எண் வந்துவிடும். அதனால் பிழைத்தவர்கள் ஏராளம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எண் முதலில் வந்துவிடுவதால் அந்த மூன்று கேள்விகள் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அவை இல்லாமல் இந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது.

தென் மாவட்டங்களில் நான் அதிகம் பார்த்த நோயாளி ஓர் ஆச்சி. எழுபது வயது தாண்டியவர், மெலிந்த உடம்பு, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர். இரண்டு நாளாக நடை தள்ளாடுகிறது, பேத்தியை மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மகன் உள்ளே வந்ததும், “சார், அம்மாவுக்கு உப்பு இறங்கிருச்சுன்னு சொல்லிட்டாவ. ரெண்டு நாளா மோர்ல உப்பு நெறையப் போட்டுக் குடுக்கோம், ஏறவே மாட்டேங்குது” என்பார். சோடியம் 112 இருக்கும். இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

உப்புக் குறைந்ததால்தான் சோடியம் குறைந்தது என்று குடும்பம் நினைப்பது இயல்பு. பல மருத்துவர்களும் அப்படியே நடந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த எண் உப்பின் மொத்தக் கையிருப்பைச் சொல்வதில்லை. எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு சோடியம் கரைந்திருக்கிறது என்ற விகிதத்தைச் சொல்கிறது. ஆச்சியின் உடலில் பெரும்பாலும் தண்ணீர்தான் தங்கியிருக்கும். அது ஏன் தங்கியது என்று தேடினால் மருந்துப் பையில் விடை இருக்கும். ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் வகை மாத்திரைகள் நல்ல மருந்துகள், விலை குறைவு, பக்கவாதத்தைத் தடுப்பவை. நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவை மூத்திரத்தை நீர்த்து வெளியேற்றும் திறனைச் சிறுநீரகத்திடமிருந்து பறித்துவிடும். எடை குறைந்த, வயதான பெண்களை இது கூடுதலாகப் பிடிக்கிறது. பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள். அதனால் புதிதாக இந்த மாத்திரை எழுதும்போது, அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை சோடியம் பார்க்கும்படி சீட்டிலேயே எழுதிவிடுவேன். பல நேரம் மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது. கலவை மாத்திரைகளில் பிராண்டுப் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் இது ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பொடியெழுத்தைப் படிக்க வேண்டும்.

மாத்திரை மட்டும் போதாது, சாப்பாட்டையும் கேட்க வேண்டும். “ஆச்சி என்ன சாப்பிடுதாவ?” என்றால், “என்னத்த சாப்பிடுதாவ, ரெண்டு நேரம் கஞ்சித் தண்ணி, நடுவுல ஒரு டீ” என்று மருமகள் சொல்வார். பருப்பு இல்லை, முட்டை இல்லை, பல் இல்லாததால் மீனும் நின்றுவிட்டது. கொதிப்புக்காக உப்பும் நிறுத்தியாயிற்று. இதற்கு மேல், வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தால் எல்லா நோயும் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்வார்கள். சிறுநீரகம் வெறும் தண்ணீரை வெளியே தள்ளுவதில்லை. ஒவ்வொரு லிட்டருடனும் கொஞ்சம் உப்பும், புரதம் செரித்து வரும் யூரியாவும் சேர்ந்து போக வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிற ஆள் ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூடக் குடித்துத் தாக்குப்பிடிப்பார். கஞ்சியில் காலம் தள்ளுகிற ஆச்சிக்கு நான்கு லிட்டரைத் தாண்டினாலே சோடியம் சரியத் தொடங்கும். மேலைநாட்டு நூல்கள் இதைப் பீர் மட்டுமே குடித்து வாழ்பவர்களையும், டீயும் ரொட்டியுமாக வாழும் முதியவர்களையும் வைத்து விளக்குகின்றன. நம் ஊரில் அது கஞ்சி. பல ஆச்சிகளுக்கு நான் எழுதிய மருந்து, ஒரு மாத்திரையை நிறுத்துவதும், நாளுக்கு இரண்டு முட்டையும், தண்ணீரை ஒரு லிட்டருக்குள் வைப்பதும்தான்.

இங்கேதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. மாத்திரையை நிறுத்தியதும், கொஞ்சம் சலைன் ஏறியதும், அடைபட்டிருந்த சிறுநீரகம் திறந்துகொள்ளும். மூத்திரம் நீர்த்து வெள்ளமாகக் கொட்டும். சோடியம் தானாகவே தடதடவென ஏறும். குடும்பம் மகிழும், இளம் மருத்துவரும் மகிழ்வார். அது மகிழ வேண்டிய நேரம் கிடையாது.

1959-இல் ஆடம்ஸ், விக்டர், மான்கால் என்ற அமெரிக்க மருத்துவர்கள் மூளைத்தண்டின் நடுப்பகுதியில் நரம்புறை அழிந்துபோகும் ஒரு நோயை விவரித்தார்கள். குடிநோயாளிகளிடமும் சத்துக்குறைந்தவர்களிடமும் அதைப் பார்த்தார்கள். சோடியத்தை வேகமாக ஏற்றுவதற்கும் அதற்கும் உள்ள உறவு தெளிவாகத் தெரிய 1980-கள் ஆகிவிட்டன. நான் மேற்படிப்பு படித்த காலத்தில் மருத்துவ உலகம் இரண்டு கட்சியாக நின்றது. மெதுவாக ஏற்றினால் மூளை வீங்கிச் செத்துப்போவார் என்றது ஒரு கட்சி. வேகமாக ஏற்றினால் நரம்புறை உரிந்துவிடும் என்றது இன்னொன்று. இரண்டுமே உண்மைதான் என்பதும், யாருக்கு எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும் என்பதும் பின்னால் புரிந்தன. சோடியம் இரண்டு நாளுக்கு மேல் குறைவாக இருந்தால் மூளைச் செல்கள் தமக்குள் கரைந்திருக்கும் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி, வீங்காமல் தப்பித்துக்கொள்கின்றன. அப்படிப் பழகிவிட்ட மூளையைச் சுற்றி ஒரே நாளில் சோடியத்தை உயர்த்தினால், இழந்த பொருள்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

வேறோர் ஊரிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு நடுவயது மனிதர் நினைவில் இருக்கிறார். வருடக்கணக்காகக் குடித்தவர், பொட்டாசியமும் குறைவு. வந்த சீட்டின்படி, சேர்த்தபோது சோடியம் 104, மறுநாள் காலை 127. இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து மனைவியிடம் காபி கேட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் பேச்சுக் குழறியது, எச்சில் விழுங்க முடியவில்லை, கைகால் மரத்தன. எங்களிடம் வந்தபோது கண்கள் மட்டும் எங்களைப் பின்தொடர்ந்தன. பொட்டாசியம் ஏற்றினாலும் சோடியம் உயரும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மாதங்கள் கழித்துக் கைத்தடியுடன் நடந்தார். அந்த அளவுக்குத் திரும்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் வார்டில் சோடியம் நோயாளிக்கு மிக முக்கியமான கருவியாக மூத்திரப் பை ஆனது. மணிக்கு மணி அளவு எழுத வேண்டும். மணிக்கு நூறு மில்லிக்கு மேல் தொடர்ந்து போனால் இரவு எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லியிருந்தேன். ஒரு மூத்த செவிலியர் அக்கா அளவு பார்ப்பதோடு நிறமும் எழுதுவார். “சார், பச்சத்தண்ணி மாதிரி போகுது” என்று அவர் போனில் சொன்னால், ஆய்வக எண் வரும்முன் சலைனை நிறுத்திவிட்டு ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் தொடங்கி, தேவைப்பட்டால் மூத்திரத்தைக் கட்டுப்படுத்தும் டெஸ்மோபிரெஸ்ஸின் ஊசியும் போடுவோம். ஏறிய சோடியத்தை வேண்டுமென்றே இறக்குவதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் திகைப்பார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் சோடியம் ஏறலாம் எட்டுப் புள்ளி, மிஞ்சினால் பத்து. குடிநோய், ஈரல் நோய், சத்துக்குறைவு, பொட்டாசியக் குறைவு உள்ளவர்களுக்கு எட்டைத் தாண்ட விடக்கூடாது.

வலிப்போடு வருபவரின் கதை வேறு. அங்கே தயங்கக்கூடாது. மூன்று சதவீத சலைன் 100 மில்லியோ 150 மில்லியோ உடனே போக வேண்டும். ஐம்பது கிலோ ஆளுக்கு நூறு மில்லி ஏறக்குறைய இரண்டு புள்ளி ஏற்றும். நான்கிலிருந்து ஆறு புள்ளி ஏறினாலே மூளை வீக்கம் தணியத் தொடங்கும், வலிப்பு நிற்கும். அதோடு அன்றைய பங்கில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று எழுதி மாட்டிவிட வேண்டும். முன்பெல்லாம் மூன்று சதவீத சலைன் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே, சொட்டுச் சொட்டாக, பயந்து பயந்து. 2014-இல் ஐரோப்பிய வழிகாட்டி 150 மில்லியை இருபது நிமிடத்தில் கொடுக்கச் சொன்ன பிறகு அந்தப் பயம் குறைந்தது. அண்மையில் வந்த சில ஆய்வுகள், மிக மெதுவாக ஏற்றப்பட்டவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததைக் காட்டி, வேகக் கட்டுப்பாட்டையே கேள்வி கேட்கின்றன. கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் கண்களால் மட்டும் பேசிய அந்த மனிதரைப் பார்த்த நான், எட்டை அவ்வளவு எளிதில் விடமாட்டேன்.

குளுக்கோஸ் ஏற்றும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பு அசதியா, ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று சிறு கிளினிக்குக்குப் போவது நம் ஊரில் சாதாரணம். அந்த ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் உள்ள சர்க்கரையை உடல் சில மணி நேரத்தில் எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். வலி, வாந்தி, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின்போது நீரைத் தக்கவைக்கும் வாசோபிரஸ்ஸின் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். கர்ப்பப்பை எடுத்த மறுநாள் தலைவலி, வாந்தி என்று சொன்ன பெண்ணுக்கு மீண்டும் மீண்டும் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி, மாலையில் வலிப்பு வந்தபின் அனுப்புவார்கள். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களின் மூளை இதை மிகக் குறைவாகவே தாங்கும். இந்த ஒன்று நான் பணியாற்றிய காலத்திலேயே வெகுவாகக் குறைந்தது. மயக்கவியல் மருத்துவர்கள் டெக்ஸ்ட்ரோஸை ஒதுக்கிவிட்டு ரிங்கர் லாக்டேட்டுக்கு மாறியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

சோடியம் குறைந்து, சரியாகி, வீட்டுக்குப் போய், மீண்டும் குறைந்து வருபவர்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தார்கள். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கையில் பிளாஸ்டிக் பை நிறைய டிஸ்சார்ஜ் சீட்டுகளுடன் வந்தார். எல்லாவற்றிலும் சோடியக் குறைவு, எல்லாவற்றிலும் சலைன். முகம் வெளுத்து, தோல் சுருங்கி, புருவத்தின் வெளிப்பாதியில் முடி இல்லை. கடைசிப் பிரசவத்தைப் பற்றிக் கேட்டேன். “அதை ஏன் கேக்கிய சார், வீட்லதான் பெறந்தான். ரத்தம் நிக்கவே இல்ல, செத்துட்டேன்னே நெனச்சாவ.” பால் கொடுத்தீர்களா? “ஒரு சொட்டுப் பால் ஊறல. பக்கத்து வீட்டு மதினிதான் குடுத்தா. அதோட தூரமும் நின்னு போச்சு.” மகனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. 1937-இல் கிளாஸ்கோவில் பணியாற்றிய ஹரால்டு ஷீஹன் விவரித்த நோய் அது. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகியிருக்கும். பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால் அது கருகிவிடும். கார்டிசால் இல்லாத உடலில் வாசோபிரஸ்ஸின் அடங்காது, தண்ணீர் தங்கும். ஹைட்ரோகார்டிசோன் கொடுத்த இரண்டாம் நாளில் அவர் எழுந்து உட்கார்ந்தார். தைராக்ஸினைப் பிறகுதான் தொடங்க வேண்டும். முதலில் தொடங்கினால் மிச்சமிருக்கும் கொஞ்சக் கார்டிசாலும் வேகமாகச் செலவழிந்து ஆள் சரிந்துவிடுவார். ஹைட்ரோகார்டிசோன் போட்டதும் மூத்திரம் வெள்ளமாகும், சோடியம் பாயும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆண்களில் இதே கதையைக் கண்ணாடிவிரியன் எழுதும். வயல் வேலை செய்பவர், சில ஆண்டுகளுக்கு முன் பாம்பு கடித்து, டயாலிசிஸ் செய்து பிழைத்தவர். இப்போது ஓயாத அசதி, தலைசுற்றல், சோடியம் 118. “சவரம் பண்றத விட்டே வருசமாச்சு சார், மொளைக்கவே மாட்டேங்குது” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் இருந்தது. விரியன் நஞ்சு ரத்தத்தை உறையவும் கசியவும் செய்து பிட்யூட்டரியை அழித்துவிடும். பர்மாவிலிருந்து 1987-இல் இதைப் பற்றிய முக்கியமான கட்டுரை லான்செட்டில் வந்தது. நெல்வயலும் விரியனும் சேர்ந்திருக்கும் நம் மாவட்டங்களில் பாம்பு கடித்ததுண்டா என்ற கேள்வியை ஒவ்வொரு சோடியக் குறைவு நோயாளியிடமும் கேட்க வேண்டும். மருந்து மலிவு, வாழ்நாள் முழுவதும் வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்று தமிழில் எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

சோடியம் கூடிப்போய் வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். தாகம் என்ற உணர்வு மிக வலிமையானது. ரத்தத்தின் அடர்த்தி இரண்டு மூன்று சதவீதம் கூடினாலே மனிதனைக் குடத்தை நோக்கி இழுத்துவிடும். தண்ணீர் எட்டும் தூரத்தில் இருந்து, குடிக்கவும் முடிகிற ஒருவருக்குச் சோடியம் 160-க்குப் போவது ஏறக்குறைய நடக்காது. ஆகவே அந்த எண் வந்தால், தண்ணீர் அவருக்கு எட்டவில்லை என்று பொருள். பக்கவாதத்தில் பேச்சிழந்து, மூக்கு வழிக் குழாயில் சத்துமாவும் பாலும் மட்டும் போய்க்கொண்டிருக்கும் பாட்டி. காய்ச்சலும் வியர்வையும் வேறு. சோடியம் 168. ஐம்பது கிலோ எடையில் 45 சதவீதம் தண்ணீர் என்று வைத்தால் அவருக்கு நாலரை லிட்டர் தண்ணீர் கடன். உப்பில் போட்ட மாங்காயைப் போல மூளைச் செல்கள் சுருங்கிக் கிடக்கும். இரண்டு மூன்று நாளில், அதே குழாய் வழியே, சாதாரணக் குடிநீரையே கொடுத்து அந்தக் கடனை அடைக்கலாம். ஆயிரக்கணக்கில் செலவாகும் மருந்து எதுவும் இதில் இல்லை.

பேசக்கூடிய முதியவர்களிடமும் இது நடக்கிறது. 1984-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்த ஆரோக்கியமான முதிய ஆண்களுக்கு, இளைஞர்களைவிடத் தாகம் குறைவாகவே இருந்தது. பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். வயது தாகத்தை மழுக்குகிறது. அதோடு, எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாதவர் மருமகளைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் ஒதுங்க இடம் இல்லாததால் வெயிலில் நாள் முழுவதும் தண்ணீரைத் தள்ளிப்போடுவதைக் கடலோரத்தில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். அங்கே நான் எழுதித் தந்த எந்த மருந்தைவிடவும் ஒரு கழிப்பறை அதிகம் செய்திருக்கும்.

தாகமே முற்றிலும் அற்றுப்போனவர்கள் மிக அரிது. அப்படி ஒருவர், பள்ளி ஆசிரியை. மூளையின் முன்பக்க ரத்தக்குழாய் முடிச்சு வெடித்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அந்த இடத்தை ஒட்டித்தான் தாகத்தை உணரும் பகுதி இருக்கிறது. பிழைத்தார், பேச்சும் நடையும் திரும்பின, வகுப்புக்கும் போனார். ஆனால் சோடியம் 170 இருக்கும்போதும் “தாகமா? இல்லையே சார்” என்பார். வாசோபிரஸ்ஸினும் சுரக்கவில்லை, எனவே மூத்திரம் கொட்டிக்கொண்டே இருந்தது. ரத்தம் அடர்ந்து காலில் ரத்தக்கட்டு வேறு வந்தது. அவருக்காக ஓர் ஏற்பாடு செய்தோம். டெஸ்மோபிரெஸ்ஸினை மாறாத அளவில், மாறாத நேரத்தில் கொடுத்து மூத்திரத்தை ஒன்றரை, இரண்டு லிட்டருக்குள் நிறுத்தினோம். சோடியம் சரியாக இருந்த ஒரு நாளின் எடையைக் குறித்துக்கொண்டோம். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்தபின் எடை பார்ப்பார். குறித்த எடையைவிட அரைக் கிலோ குறைந்திருந்தால் அன்றைய வழக்கமான தண்ணீருக்கு மேல் அரை லிட்டர், கூடியிருந்தால் அந்த அளவு குறைவு. ஒவ்வொரு பாட வேளை முடிவிலும் மணி அடித்ததும் ஒரு டம்ளர். வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. சித்திரை, வைகாசியில் அடிப்படை அளவையே கூட்டினோம். அவருடைய மாணவிகளுக்கு இது தெரிந்துவிட்டது. டீச்சர் மறந்துவிட்டால் முதல் வரிசையில் இருப்பவள் எழுந்து பாட்டிலை நீட்டுவாள் என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார். அந்தக் கல்வியாண்டு முழுவதும் அவருடைய சோடியம் 150-ஐத் தாண்டவில்லை.